வண்டியின் அடியில் ஆயில் ஒழுகுகிறது, அவசரம்

பழைய இரும்பு:
நிறுத்தும் இடத்திலெல்லாம் ஆயில் சொட்டுகிறது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, பின்பக்க கிராங்க் சீல் (இன்ஜின் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்கிறார். அவ்வளவு பெரிய வேலைதானா? நாளை மறுநாள் வெளியூர் போக வேண்டும். விரைவாகச் சொல்லுங்கள்.

ஸ்பானர் 12:
என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?

மழை ஓட்டுநர்:
சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா? இரவில் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். பழுப்போ கறுப்போ என்றால் பெரும்பாலும் இன்ஜின். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர் அல்லது பவர் ஸ்டீயரிங். கந்தக வாடை மூக்கைத் துளைத்தால் கியர் ஆயில். சைலன்சர் குழாயில் ஆயில் பட்டுப் புகைகிறதா என்பதையும் பாருங்கள். அங்கே தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கியர் ராஜா:
தம்பி, இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாகிவிட்டது. தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ஆயில் மேலிருந்துதான் வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். சொட்டும் இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் மெக்கானிக்கே அல்ல. டேப்பட் கவர், அதாவது இன்ஜினின் மேல்மூடி, அதன் பேக்கிங்கை மாற்றுங்கள், வேலை முடிந்தது.

தூசிக் கண்ணாடி:
நீங்கள் மட்டும் வண்டியைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லலாமா ராஜா ஐயா? இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கையும் தாண்டி ஆயில் வெளியே வரும். அந்த வாயுவைக் கட்டுப்படுத்தி விடும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது கடகடவென்று ஒலிக்க வேண்டும்.

பழைய இரும்பு:
பெட்ரோல். 1998 மாடல். கறுப்பாகத்தான் இருக்கிறது.

ஸ்பானர் 12:
கிலோமீட்டர்? ஆயில் ஃபில்டரைச் சமீபத்தில் மாற்றினீர்களா? பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது ஏறினாலும் இப்படி ஒழுகும்.

இரவுப் பறவை:
எதற்கு இத்தனை ஆராய்ச்சி? கசிவை நிறுத்தும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றுங்கள். என் வண்டியில் நின்றுவிட்டது.

கியர் ராஜா:
அது சீலை ஊறவைத்து உப்பச் செய்கிறது, அவ்வளவுதான். கிழிந்த பேக்கிங்கை அது தைத்துக் கொடுக்காது. கேள்வி கேட்டவர் சிந்தெடிக் (செயற்கை) ஆயில் ஊற்றியிருப்பார், அதுதான் வினை.

தூசிக் கண்ணாடி:
இந்தப் பழங்கதையை எப்போது விடுவீர்கள்? ஆரம்பக் காலத்து சிந்தெடிக் ஆயில்கள் சில, ரப்பர் சீலைச் சுருங்கவைத்தது உண்மை. இன்று அதற்கான மருந்தைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஏற்கெனவே தேய்ந்த சீலை அது காட்டிக்கொடுக்கலாம், கெடுப்பதில்லை.

கியர் ராஜா:
நான் இன்ஜின் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள்.

மழை ஓட்டுநர்:
கேட்டவரை மறந்துவிட்டீர்களே. நண்பரே, கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் இன்ஜினைக் கழுவிக் காயவிடுங்கள். சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நல்ல டார்ச்சுடன் பாருங்கள். வெள்ளையில் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறதோ, அந்த மேல்முனைதான் முக்கியம். டேப்பட் கவரின் பின்மூலையை விட்டுவிடாதீர்கள். ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயர் இணைப்பையும் பிடுங்கிப் பாருங்கள். அந்த இணைப்புக்குள் ஆயில் தேங்கியிருந்தால் சுவிட்ச் உள்ளே உடைந்திருக்கிறது. பல இன்ஜின்களில் அது பிளாக்கின் பக்கவாட்டில் இருப்பதால், வழியும் ஆயில் கியர்பாக்ஸ் இணைப்பில் போய்ச் சேர்ந்து, கிராங்க் சீல் போனது போலவே தோன்றும். எதுவானாலும் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்க்காமல் வெளியூர் கிளம்பாதீர்கள்.

ஸ்பானர் 12:
சுவிட்சை மாற்றினால் முரட்டுத்தனமாக முறுக்க வேண்டாம். அதன் மரை பெரும்பாலும் கூம்பு வடிவம். அலுமினியப் பகுதி விரிசல் விட்டுவிடும்.

பழைய இரும்பு:
சுவிட்ச்தான். இணைப்புக்குள் ஆயில் நிறைந்திருந்தது. மாற்றியாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

மழை ஓட்டுநர்:
நல்லது. திரும்பி வந்ததும் மறுபடி பவுடர் தூவிப் பாருங்கள். இந்த வயது வண்டியில் கசிவு ஒன்றோடு நிற்பது அபூர்வம்.

கியர் ராஜா:
என்ன ஆயில் ஊற்றியிருந்தார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

தூசிக் கண்ணாடி:
சுவிட்ச் உடைந்ததற்கும் சிந்தெடிக் ஆயில்தான் காரணமா ஐயா?