வன்னியில் இருந்து தொலைக்கல்வி: எங்கே சறுக்குது? ஊர் ஊராக வந்த பதில்கள்

மல்லாவி
சோதினையில் விழுவது பிறகு. அதுக்கு முன்னமே விழுத்துவது தொடர் மதிப்பீடு, அதாவது படிக்கிற காலத்திலேயே எழுதி அனுப்புகிற ஒப்படையும் இடைத்தேர்வும். வெளிவாரிப் பட்டமும் திறந்த பல்கலைக்கழகமும் ஒன்றென்று நினைத்துப் பதிகிறார்கள். வெளிவாரியில் பெரும்பாலும் சோதினைதான் எல்லாம். திறந்த பல்கலைக்கழகத்தில் ஒப்படை, இடைத்தேர்வுப் புள்ளிகள் போதாவிட்டால் இறுதிச் சோதினை எழுதவே விடமாட்டார்கள். நேரக் கணக்கையும் பதிய முன்னம் பாருங்கோ. பாடச் சுமையைக் கிரெடிட்டில்தான் அளக்கிறார்கள், ஒரு கிரெடிட்டுக்கு 50 கற்றல் மணித்தியாலம். வருசத்துக்கு 30 கிரெடிட் எடுத்தால் 1500, அதாவது கிழமைக்கு 29 மணித்தியாலம் அளவில். வேலையும் வயலும் இருக்கிறவர் அரைவாசியைப் பதிந்தால் போதும். காலபோக நெல் அறுவடை மாசி, பங்குனியில் வரும். அந்தக் கிழமைகளில் முடிவுத் திகதி விழுகிற ஒப்படையைத் தையிலேயே எழுதி வைக்க வேணும்.

ஒட்டுசுட்டான்
ஒப்படை எழுதியும் பூச்சியம் வாங்குகிற வழிகள் மூன்று இருக்கு.

மூடில் (Moodle) என்கிற ஒன்லைன் பாடத் தளத்தில் கோப்பை ஏற்றினால் சில பாடங்களில் அது வரைவாகத்தான் நிற்கும். கடைசியாக ‘சமர்ப்பி’ பொத்தானையும் அழுத்த வேணும். கோப்பு திரையில் தெரியுதுதானே என்று மூடிவிட்டுப் போனால் அது போய்ச் சேராது. நிலை மாறினதைப் பார்த்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ.

அடுத்தது பாமினி எழுத்துரு. கொமியூனிகேசன் கடையில் தட்டச்சு செய்வித்தால் இந்தப் பழைய எழுத்துருவில் தந்துவிடுவார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான். யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கோ. மாற்றின பிறகு ஒருக்கால் வாசியுங்கோ, கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

கையெழுத்து ஒப்படை என்றால் போன் படங்களைத் தனித்தனியாக ஏற்றாதேங்கோ. ஸ்கான் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கினால் அளவு நன்றாகக் குறையும். கடைசி நாள் இரவு எல்லாரும் ஏறுவார்கள். இரண்டு நாள் முந்தி, விடியப்புறம் 5 மணிக்கு அனுப்பினால் சிக்னல் இழுக்கும்.

புதுக்குடியிருப்பு
மேலே சொன்னதோட இதையும் சேருங்கோ. சூம் வகுப்பு வீடியோவோடு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபிக்குக் கிட்டத் தின்னும். தன்ர கமராவை நிறுத்தினால் மட்டும் காணாது, வருகிற வீடியோவையும் நிறுத்த வேணும். குரலுக்கு அதில் சின்னப் பங்குதான் போகும். ஒன்லைன் வினாவிடையில் இணைப்பு அறுந்தால் பதறாமல் திரும்ப உள்ளே போங்கோ, சேமித்த விடை இருக்கும். மணிக்கூடு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சோதினை நிலையம் வவுனியா என்றால், முல்லைத்தீவு டவுனில் இருந்து மாங்குளம் ஊடாகக் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர். 9 மணிச் சோதினைக்கு முதல் பஸ்ஸை நம்புவது சூது. முதல்நாளே போய்த் தங்குங்கோ.

மாங்குளம்
‘ஒரு வருடத்தில் பட்டம்’ நோட்டீஸ் மதிலெல்லாம் இருக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருசப் பட்டத்துக்கு 90 கிரெடிட். 50 ஆல் பெருக்கினால் 4500 மணித்தியாலம். அதை ஒரு வருசத்தில் முடிக்க நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் படிக்க வேணும், நல்லநாள் பெருநாள் உட்பட! வெளிநாட்டுப் பட்டமென்றால், காசு கட்ட முன்னம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்குதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கோ. அரச வேலைக்கு விண்ணப்பிக்கிற நேரம் அதுதான் கேள்வியாக வரும்.

மல்லாவி
எல்லாவற்றையும் ஒன்லைனுக்கு மாற்றப்போகினம் என்கிற பேச்சில்தான் எனக்குப் பயம். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கரண்ட் போய் போன் கோபுரத்தின்ர பற்றரியும் இறங்கினால், போனில் சார்ஜ் இருந்தும் சிக்னல் இல்லை. அச்சுக் கைநூல் அப்பவும் திறந்தது. அதை நிறுத்தாமல், விரிவுரையைக் குரல்பதிவாக, 20 நிமிசத் துண்டுகளாகத் தந்தால் வீடியோ வகுப்புக்கென்று இரண்டாம் சிம் வாங்கிக் காசு கட்டத் தேவையில்லை.