கள்ளிக்குத் தண்ணீர்: என் அனுபவம்

கள்ளிக்குத் தண்ணீரே வேண்டாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வளர்ப்பவருக்கு மனசு கேட்காது, தினமும் ஒரு கரண்டி ஊற்றுவார். எனக்குத் தெரிந்து வீடுகளில் போன கள்ளிகளில் காய்ந்து போனவை குறைவு. அழுகிப் போனவைதான் அதிகம்.

நான் ஊற்றினால் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுவேன். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுவேன். அப்புறம் மண் அடிவரை காயும் மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை. மேல்மண் நன்றாக ஏமாற்றும். மேலே பொரபொரவென்று இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மூங்கில் குச்சி ஒன்றை ஓரமாக அடிவரை செருகி, சற்று நேரம் கழித்து உருவினால் தெரிந்துவிடும். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பழகிய பிறகு குச்சிகூட வேண்டாம், தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே போதும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் காய்வது, குளிரில் செடி வளராமல் நிற்கும்போது ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். பெரும்பாலான செடிகள் பகலில் இலையில் உள்ள நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும், அப்போது ஈரமும் அந்த வழியாக வெளியேறும். கள்ளி தன் தண்டில் உள்ள துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும். அதனால் அதன் தண்ணீர்ச் செலவு அவ்வளவு குறைச்சல்.

அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். துளையே இல்லாத பீங்கான் கோப்பையில் ஒரு தூண் கள்ளி. செடி சுருங்குகிறதே, தாகம் போல என்று அக்கா இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறாள். வேர் அழுகினாலும் செடி சுருங்கத்தான் செய்யும். மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தால் என்ன, உறிஞ்ச வேர் இல்லையே! அடித்தண்டை விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. செய்தித்தாளைச் சுருட்டி முள்ளுக்குத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து வில்லை வில்லையாக வெட்டினோம். முதல் வில்லை முழுக்கப் பழுப்பு, கொழகொழ. அடுத்ததில் நடுவில் இருக்கும் வளையம் மட்டும் ஆரஞ்சு நிறம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், இல்லாவிட்டால் அழுகல் நல்ல சதைக்கும் ஏறிவிடும். "போதும்டா, இனி என்ன மிச்சம் இருக்கப்போகுது" என்றாள் அக்கா. ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் நிறுத்தக்கூடாது. கடைசியில் கையளவு தண்டுதான் தேறியது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் வெட்டுவாய் காய்ந்து இறுகும்வரை போட்டு வைத்து, உலர்ந்த மண்கலவைமேல் நிறுத்தினோம். வேர் விட்ட பிறகுதான் முதல் தண்ணீர். அதுவரை அக்காவைத் தடுப்பதுதான் பெரும்பாடு.

மண்கலவையில் பாதிக்கு மேல் கரடாக இருக்கட்டும்: பெருமணல், சலித்தெடுத்த செங்கல் பொடி, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகள், எது கிடைத்தாலும் சரி. அலங்காரத்துக்காகக் கூழாங்கல்லைப் பசையில் ஒட்டி விற்கிறார்களே, அதை முதலில் பெயர்த்துவிடுங்கள். அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவே விடாது.

வெளிச்சம் போதாவிட்டால் நுனி மட்டும் ஒல்லியாக, வெளிறி நீளும். பிறகு எவ்வளவு வெயில் காட்டினாலும் அந்த ஒல்லி இடம் பருக்காது. அதற்காக உள்ளே இருந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெள்ளைத் தழும்பாகிவிடும். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். அடித்தண்டு வயதாகி மரப்பட்டை நிறத்தில் கெட்டியாவது மட்டும் நோயில்லை, பயப்பட வேண்டாம். முள்ளடியில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் உற்றுப் பாருங்கள். சில வகைகளுக்கு அது இயல்பு, நகர்ந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுப்பேன்.

தலையில் சிவப்பு, மஞ்சள் உருண்டையோடு வரும் ஒட்டுக்கள்ளி வேறு கதை. மேலே இருக்கும் உருண்டையில் பச்சையம் கிடையாது, கீழே இருக்கும் பச்சைத் தண்டு வேறொரு கள்ளி, அதுதான் சோறு போடுகிறது. தண்டு போனால் உருண்டையும் போய்விடும். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் பெரும்பாலும் சில வருடங்கள்தான் தாங்கும்.