வாரந்தோறும் புதிய பீர், இசை, படம், உணவு: மனத்தில் தங்கும்படி தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். ஒவ்வொரு வாரமும் இதுவரை அருந்தாத ஒரு பீர், கேட்காத ஓர் இசைத்தொகுப்பு, பார்க்காத ஒரு திரைப்படம், உண்ணாத ஓர் உணவு என நான்கையும் முயன்று பார்ப்பதை நானும் என் கணவரும் வழக்கமாக வைத்திருக்கிறோம். வேலையிலேயே கழிந்துவிடும் வாரத்தில் இவைதான் எங்கள் இருவருக்கும் பொதுவான நேரம் என்பதால் இந்த வழக்கத்தை விட எங்களுக்கு மனமில்லை. இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே இங்கே கேட்கிறேன்.

எங்கள் சிக்கல் இதுதான். ஒரு பீரின் பெயரும் அதன் புட்டியில் ஒட்டியிருந்த படமும் நினைவில் இருக்கின்றன. அதன் சுவை எப்படி இருந்தது என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரிவதில்லை. இசையும் படங்களும் சில வாரங்களுக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்கிறோம் என்பதால் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. தேர்வுக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டால் ரசனை வளருமா? முதல் முறை பிடிக்காமல் போனதை மறுபடி முயல வேண்டுமா, அல்லது அதை விட்டு நகர்ந்துவிடலாமா? நான்கில் எங்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்தது பீர் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் தொடர்பு இல்லை என்கிறீர்கள். பீரின் சுவை மனத்தில் பதியாமல் போவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். நாக்கும் மூக்கும் வேறுபாட்டைத்தான் நன்றாக அறிகின்றன. தனியாக ஒரு குவளையை வைத்துக்கொண்டு அதை விவரிப்பது பழகியவர்களுக்கே கடினம். ஆகவே ஒரு மாதத்துக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அந்த மாதத்தின் பீர்கள் எல்லாம் அதற்கு விடை தேடும்படி தேர்ந்தெடுங்கள்.

முதல் மாதத்துக்கு, தானியச் சாற்றை நொதிக்கச் செய்யும் நுண்ணுயிராகிய ஈஸ்டை எடுத்துக்கொள்ளலாம். பீர்களில் பெரும்பாலானவை ஏல், லாகர் என்ற இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். ஏல் வகை ஈஸ்ட் ஏறத்தாழ 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகமாக நொதிக்கிறது; அப்போது பழ வாசனை தரும் எஸ்டர்கள் என்ற சேர்மங்கள் மிகுதியாக உருவாகின்றன. லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரி வரையிலான குளிரில் மெதுவாக வேலை செய்கிறது. பின்னர் பீரை இன்னும் குளிரான இடத்தில் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள் என்பதால் சுவை தெளிவாகவும் அடக்கமாகவும் வருகிறது. ஒரு வாரம் இளம்பொன்னிற லாகர், அடுத்த வாரம் இளநிற ஏல், அதற்கடுத்த வாரம் பவேரிய முறையிலான கோதுமை பீர் என்று அருந்திப் பாருங்கள். அந்தக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டில் எதையும் அதில் சேர்ப்பதில்லை. ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரும் 4-வினைல் குவாயகால் என்ற ஃபீனாலும் அந்த மணங்களைத் தருகின்றன. இரண்டுமே ஈஸ்டின் வேலை. இதை அறிந்துகொண்டு ஒருமுறை முகர்ந்துவிட்டால் பிறகு அந்த மணம் மறப்பதில்லை. நான்காம் வாரத்துக்கு, கிடைத்தால், பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தின் லாம்பிக் ஒன்றை எடுங்கள். கொதித்த தானியச் சாற்றை அகன்ற திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிட்டு, காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிர்களே நொதிக்கும்படி விடுவது அதன் முறை. புளிப்பும் தொழுவத்தை நினைவூட்டும் மணமும் முதலில் திகைக்க வைக்கும். ஈஸ்ட் எவ்வளவு செய்யக்கூடியது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பீரை நான் அறியேன்.

இன்னொரு மாதத்துக்குத் தண்ணீரைக் கேள்வியாக வைக்கலாம். எனக்கு மிகவும் விருப்பமான மாதம் அதுதான். 1842-இல் இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த பொஹீமியாவின் பில்சன் நகரில் ஜோசஃப் க்ரோல் என்ற பவேரியர் உருவாக்கிய இளம்பொன்னிற லாகருக்கு அந்த ஊரின் உப்புக் குறைந்த மென்னீர் பெரிதும் துணை செய்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நீரில் ஜிப்சம் என்ற கனிமம் மிகுதி. சல்பேட் நிறைந்த அந்த நீர், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பைக் கூர்மையாக்கிக் காட்டுவதால் அங்கே இளநிற ஏல் செழித்தது. டப்ளினின் நீரில் பைகார்பனேட் கூடுதல்; கருக வறுத்த தானியத்தின் அமிலத்தன்மை அதைச் சமன்செய்வதால் கருநிற பீருக்கு அது பொருந்தியது. இந்த மூன்று பாணிகளையும் அடுத்தடுத்த வாரங்களில் அருந்தினால் மூன்றும் மூன்று ஊர்களாகவே உங்கள் மனத்தில் நிற்கும். கருநிறம் என்றால் போதை மிகுதி என்ற எண்ணத்தையும் அப்போதே விட்டுவிடலாம். உலர்ந்த சுவையுள்ள ஸ்டவுட் என்ற கருநிற பீர்கள் பலவற்றில் ஆல்கஹால் 4 முதல் 4.5 சதவீதம்தான் இருக்கிறது.

இரண்டு நடைமுறைக் குறிப்புகள். மிகவும் குளிர்ந்த பீரில் மணம் எழுவதில்லை; ஏல்களைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்து, 10 முதல் 13 டிகிரி அளவில் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அருந்துங்கள். அடுத்து, புட்டியின் நிறத்தைக் கவனியுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருட்கள் ஒளி பட்டால் சிதைந்து நாற்றமுள்ள கந்தகச் சேர்மமாக மாறுகின்றன. பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சையும் நிறமற்றதும் அந்த அளவு தடுக்கா. வெளிச்சம் படும் அலமாரியில் நின்ற புட்டியை வைத்து ஒரு பாணியையே தீர்மானித்துவிட வேண்டாம்.

பதில் 2

பீருக்குச் சொல்லப்பட்ட முறை இசைக்கும் பொருந்தும் என்றாலும், இசைக்கு இன்னொன்றும் தேவை. ஒரு வாரத்தில் ஒரு புதிய தொகுப்பு என்பது சரியான அளவு. அதை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு நகர்வதுதான் பொருந்தவில்லை. முன்பின் அறியாத ஒன்றை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதாலேயே அதன்மீது விருப்பம் கூடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் சையன்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். முதல் முறையே வெறுப்பு ஏற்பட்ட ஒன்றுக்கு இது அவ்வளவாக உதவுவதில்லை. "ஒன்றும் புரியவில்லை" என்று தோன்றியவற்றுக்குத்தான் நன்றாக உதவுகிறது. ஆகவே பிடிக்காததை மறுபடி முயல வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு, பிடிக்காதது எது, புரியாதது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் விடை.

எடுத்துக்காட்டாக, இந்தோனேசியத் தீவான ஜாவாவின் கமெலான் இசையைச் சொல்லலாம்; சேகண்டிகளும் உலோகத் தட்டுக் கருவிகளும் சேர்ந்து ஒலிக்கும் குழு இசை அது. அதன் ஸ்லென்ட்ரோ, பெலோக் என்ற சுருதி அமைப்புகள், முன்னதில் ஐந்து சுரங்களும் பின்னதில் ஏழுமாக, நம் காது பழகிய இடைவெளிகளில் அமைவதில்லை. ஒரு குழுவின் சுருதி மற்றொரு குழுவின் சுருதியோடு ஒத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முதல் முறை கேட்பவருக்கு அது சுருதி பிசகியது போலவே ஒலிக்கும். அந்த வாரத்திலேயே மூன்றாம் முறை கேட்கும்போது பெரிய சேகண்டி எந்த இடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என்பது பிடிபடும். பிடிபட்டதும் மற்றக் கருவிகள் அந்தச் சுற்றுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் தெரியத் தொடங்கும். 1889-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்த இசையைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸி அதைப் பல ஆண்டுகள் மறக்கவில்லை. நான் பரிந்துரைப்பது இதுதான்: முதல் முறை எதையும் படிக்காமல் கேளுங்கள், இரண்டாம் முறை ஒரே ஒரு கருவியை மட்டும் பின்தொடருங்கள், பிறகு அதைப் பற்றிப் படித்துவிட்டு மூன்றாம் முறை கேளுங்கள்.

படங்களுக்கு மறுபார்வை வாரந்தோறும் இயலாது. அங்கே ஒரு காலகட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு வாரங்கள் தங்குவது நல்லது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியப் படங்களில் ஒரு மாதம் தங்கினால், இயக்குநர்கள் அரங்கை விட்டுத் தெருவுக்கு வந்ததும், தொழில்முறை நடிகர் அல்லாதவர்களை நடிக்க வைத்ததும் படத்தின் நடையையே எப்படி மாற்றின என்பது ஒவ்வொரு படத்திலும் தெளிவாகிக்கொண்டே போகும். அதற்கடுத்த மாதம் 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் வந்த பிரெஞ்சுப் படங்களுக்குச் சென்றால், எடை குறைந்த கேமராவும் துணிந்து வெட்டிய படத்தொகுப்பும் முந்தைய மாதத்தில் பார்த்தவற்றோடு உரையாடுவது உங்களுக்கே தெரியும்.

பதில் 3

மேலே உள்ள நண்பரோடு உணவு விஷயத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஒரே வாரத்தில் மூன்று முறை என்பது இசைக்குச் சரி. உணவுக்கு இடைவெளி வேண்டும். ஓர் உணவை உண்ணும்போதே அதன்மீதுள்ள விருப்பம் மட்டும் குறைந்துகொண்டு வருகிறது. உண்ணாத மற்ற உணவுகள்மீதுள்ள விருப்பம் அந்த அளவு குறைவதில்லை. ஆகையால் புதிய உணவைச் சிறிய அளவில் வைத்துக்கொண்டு, முதல் சில வாய்களிலேயே கவனத்தைச் செலுத்துங்கள். அதே உணவைச் சில வாரங்கள் கழித்து வேறு சமையல் முறையில் மறுபடி முயலுங்கள். குழந்தைகள் புதிய உணவொன்றை ஏற்றுக்கொள்ளப் பெரும்பாலும் பத்து முறை அளவுக்குச் சுவைக்க வேண்டியிருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரியவர்களாகிய நாம் ஒரே வாயில் தீர்ப்புச் சொல்லிவிடுவது அந்த உணவுக்கு நியாயம் செய்வதாகாது.

மணத்தின் பங்கை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மூக்கை விரல்களால் மூடிக்கொண்டு ஒரு வாய் மென்றுவிட்டு, பாதியில் விரலை எடுங்கள். அதுவரை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவை மட்டுமே தெரிந்திருக்கும். மூச்சு விட்டதும் தொண்டை வழியாக மூக்கை அடையும் மணம் அந்த உணவை முழுமையாக்கும். ஐந்தாவதாகச் சொன்ன, குழம்புச்சாறு போன்ற செறிந்த சுவையாகிய உமாமியை ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இகேடா 1908-இல் கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றிலிருந்து இனங்கண்டார். அந்தச் சாற்றையே தனியாக ஒரு வாரம் சுவைத்துப் பார்க்கலாம். அதன்பின் முற்றிய பாலாடைக்கட்டியிலும் காளானிலும் அதே சுவை இருப்பதை நாக்கு தானாகவே கண்டுகொள்ளும்.

சில விருப்பின்மைகள் பிறப்போடு வருபவை என்பதையும் இருவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கொத்தமல்லி இலையில் உள்ள ஆல்டிஹைடுகள் சிலருக்கு மட்டும் சோப்பு போல மணப்பதற்கு, மணம் உணரும் மரபணுக்களில் உள்ள வேறுபாடும் ஒரு காரணம். கசப்பை உணரும் கூர்மையும் அப்படியே ஆளுக்கு ஆள் மாறுகிறது. எனவே ஒருவர் ரசிப்பதை மற்றவர் ரசிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

மிக முக்கியமான ஒன்று: உடல்நலம் குன்றியிருக்கும் நாளில் புதிய உணவை முயலாதீர்கள். ஓர் உணவுக்குப் பிறகு குமட்டல் வந்தால், காரணம் வேறாக இருந்தாலும், உடல் அந்த உணவையே குற்றவாளியாக்கிவிடும். உளவியலாளர் ஜான் கார்சியா 1955-இல் எலிகளிடம் இதை நிறுவினார். பழகிய உணவைவிடப் புதிய உணவின்மீதே இந்த வெறுப்பு எளிதில் படிகிறது. அதேபோல் மிளகாய்க் காரம் மிகுந்த உணவையும் கசப்பு மிகுந்த பீரையும் ஒரே வேளையில் வைக்காதீர்கள். குமிழிகளும் ஆல்கஹாலும் எரிச்சலைக் கூட்டிவிடும், இரண்டின் சுவையும் தெரியாமல் போகும். காரத்தைத் தணிக்கப் பாலே நல்லது.

பதில் 4

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். நான்கையும் ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டும் என்ற விதியைத் தளர்த்துங்கள். ஒரு வாரம் பீரும் இசையும், மறுவாரம் படமும் உணவும் என்று மாற்றி வைத்தால் மேலே சொன்ன மறுகேட்பும் ஒப்பீடும் செய்ய நேரம் கிடைக்கும். மதுவில் முற்றிலும் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆகவே ஒரு புட்டியை இருவரும் பகிர்ந்துகொள்வதையே வழக்கமாக்குங்கள். சுவைத்துப் பார்ப்பதற்கு அரைக் குவளை தாராளமாகப் போதும். ஆல்கஹால் நீக்கிய பீர்களையும் ஒரு மாதத்தின் கேள்வியாக வைக்கலாம்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஈஸ்டைக் கேள்வியாக வைத்து அடுத்த மாதத்தைத் தொடங்க இருக்கிறோம். பீரும் இசையும் ஒரு வாரம், படமும் உணவும் மறுவாரம் என்ற ஏற்பாடும் எங்களுக்குப் பொருந்துகிறது. இன்னும் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எதையாவது முயன்றவுடன் இருவரும் பேசத் தொடங்கிவிடுகிறோம். என் கணவர் முதலில் சொன்ன சொல் என் நாக்கிலும் ஏறிவிடுகிறது. குறிப்பு எழுதுவதற்கு நீங்கள் கடைப்பிடிக்கும் முறை ஏதேனும் உண்டா?

பதில் 1

பேசுவதற்கு முன் இருவரும் தனித்தனித் தாளில் எழுதிவிடுங்கள். சுவைக் குழுக்களில் நடுவர்களும் அப்படித்தான் செய்வார்கள். மதிப்பெண் போட வேண்டாம். பீருக்கு நிறம், நுரை, மணம், முதல் சுவை, விழுங்கியபின் தங்குவது என்ற வரிசையில் ஆளுக்கு நான்கைந்து சொற்கள் போதும். "நன்றாக இருந்தது" என்று எழுதாமல், "ரொட்டியின் மேலோடு", "பச்சை ஆப்பிள்", "காய்ந்த புல்" என்று நீங்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு பொருளைக் குறிப்பிடுங்கள். அதன்பின் தாள்களை மாற்றிக்கொண்டு படியுங்கள். உங்கள் தாளில் இல்லாத ஒரு மணம் அவருடைய தாளில் இருந்தால், குவளையில் மிச்சம் வைத்திருக்கும் கடைசி வாயில் அதைத் தேடிப் பாருங்கள்.