பைக் லோன் முடிச்சு என்ஓசி வாங்கியாச்சு, சிபில்ல இன்னும் 'ரிட்டன்-ஆஃப்'னு வருது. என்ன செய்யலாம்?

கொங்குரைடர்

2019-ல ஒரு என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்)-கிட்ட எடுத்த பைக் லோன், 36 தவணை. கடைசி இஎம்ஐ 2022 மே மாசம். ஜூன் 14-ந் தேதி என்ஓசி (பாக்கி இல்லைங்கற கடிதம்) கொடுத்தாங்க, ஆர்சி-ல எச்பி-யும் (வண்டி மேல கடன் இருக்குங்கற பதிவு) நீக்கியாச்சு. இப்ப வீட்டுக்கடனுக்குப் போனா, அதே லோன் சிபில்ல (நம்ம கடன் வரலாற்று ரிப்போர்ட்) 'ரிட்டன்-ஆஃப்' (வராக்கடன்னு தள்ளினது), ஓவர்டியூ (கட்டாத பாக்கி) ரூ.3,870-னு காட்டுதுன்னு ஃபைலை நிறுத்திட்டாங்க. சிபில் தளத்துல டிஸ்ப்யூட் (தகவல் தப்புன்னு ஆட்சேபம்) போட்டேன். கடன் கொடுத்த நிறுவனம் தகவல் சரின்னு சொல்லிடுச்சு, மாற்றம் இல்லைன்னு மூடிட்டாங்க. நிறுவனத்துக்குப் போன் போட்டா, 2,000 கட்டுங்க, செட்டில்மென்ட் பண்ணித் தர்றோம்ங்கறாங்க. கட்டிடலாமா?

தணிக்கைத்துணை

கட்டாதீர்கள். கட்டினால் 'ரிட்டன்-ஆஃப்' போய் 'போஸ்ட் ரைட்-ஆஃப் செட்டில்டு' (வராக்கடனாகத் தள்ளிய பிறகு குறைத்துக் கட்டி முடித்தது) என்று வரும். வீட்டுக்கடன் கொடுக்கிற வங்கி இரண்டையும் ஒரே கண்ணோடுதான் பார்க்கும். அதோடு, பாக்கி இருந்தது உண்மைதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும். இந்த வரி ஆண்டுக்கணக்கில் ரிப்போர்ட்டில் நிற்கும்.

சிபில் தானாக எதையும் திருத்தாது. கடன் கொடுத்தவர் உறுதி செய்தால்தான் மாற்ற முடியும். நீங்கள் போட்ட டிஸ்ப்யூட் அந்த நிறுவனத்துக்குப் போய், அவர்கள் கணினியில் இருக்கும் அதே தப்பான கணக்கோடு ஒப்பிடப்பட்டு, 'சரி' என்று திரும்பியிருக்கும். ஆகவே பிழையை அது பிறந்த இடத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

முதலில், தொடக்கம் முதல் இன்றுவரைக்குமான லோன் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். அந்த 3,870 எந்தத் தேதியில், என்ன பெயரில் ஏறியது என்று வரிவரியாகப் பாருங்கள். பழைய பவுன்ஸ் கட்டணமும் (தவணை பிடிபடாமல் திரும்பியதற்கானது) அதன்மேல் ஏறிய அபராதமுமாக இருக்கலாம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான மாரட்டோரியத்தில் (தவணையைத் தள்ளிப்போட்ட சலுகைக் காலம்) சேர்ந்த வட்டி, கடைசித் தவணைக்குப் பிறகு தனியாக நிற்கலாம். என்ஓசி கொடுத்துவிட்டுக் கணினியில் கணக்கை மூடாமல் விடுவதும் நடக்கிறது; தேதிகள் ஜூன் 14-க்குப் பிந்தையவை என்றால் இதுதான். எதுவாக இருந்தாலும், 'நிலுவை இல்லை' என்று அவர்களே எழுதிக் கொடுத்த கடிதம் உங்கள் கையில் இருக்கிறது. அதுதான் உங்கள் பலம்.

ஃபைல்மேசை

மேலே சொன்னது சரி. அடுத்து, கலெக்‌ஷன் ஆளுங்ககிட்ட போன்ல பேசறதை நிறுத்திடுங்க. நிறுவனத்தோட வெப்சைட்ல குறைதீர்ப்பு அதிகாரியோட மெயில் ஐடி இருக்கும், அதுக்கு எழுதுங்க. 'என் சிபிலைச் சரி பண்ணுங்க'ன்னு பொதுவா எழுதினா பொதுவான பதில்தான் வரும். எந்தக் கட்டத்துல என்ன இருக்கு, என்னவா மாறணும்னு தனித்தனியா எழுதணும்:

ஸ்டேட்டஸ் 'குளோஸ்டு'. கரன்ட் பேலன்ஸ் 0. ஓவர்டியூ 0. ரிட்டன்-ஆஃப் தொகை, அதோட அசல் தொகை ரெண்டும் நீக்கணும். மூடிய தேதி போடணும். 2022 ஜூனுக்கு அப்புறம் வர்ற டிபிடி (மாசாமாசம் எத்தனை நாள் தாமதம்னு காட்டற கட்டம்) மாசங்கள் எல்லாம் நீக்கணும்.

இந்தக் கடைசி விஷயத்துலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஸ்டேட்டஸை மட்டும் மாத்திட்டு டிபிடி கட்டத்துல 90, 120, 150-னு அப்படியே விட்டுடுவாங்க. ஸ்கோர் ஏறாது, பேங்க்காரரும் அதைத்தான் முதல்ல பார்ப்பார். 000-ன்னா தாமதம் இல்லை. எக்ஸ்எக்ஸ்எக்ஸ்-ன்னா அந்த மாசம் தகவல் வரலைன்னு அர்த்தம், அதுக்குப் பயப்பட வேண்டாம்.

சிபில் மட்டும் இல்ல. இதே மாதிரி கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூணுக்கும் திருத்தம் அனுப்பணும்னு அதே மெயில்ல எழுதுங்க. ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், நாலையும் எடுத்துப் பாருங்க. நம்ம ரிப்போர்ட்டை நாமே எடுத்தா ஸ்கோர் குறையாது. என்ஓசி, லோன் ஸ்டேட்மென்ட், கடைசி இஎம்ஐ பிடிச்ச பேங்க் ஸ்டேட்மென்ட் பக்கம், கண்ட்ரோல் நம்பர் (அந்த ரிப்போர்ட்டோட தனி எண்) தெரியற ரிப்போர்ட் பக்கம், எல்லாத்தையும் இணைங்க.

நெல்லைத்தமிழ்

நடுவுல கேட்கறதுக்கு மன்னிக்கணும். எங்க அண்ணனுக்கு எடுக்காத பர்சனல் லோனே காட்டுது. அதுக்கும் இதே வழிதானா?

தணிக்கைத்துணை

அது வேறு வகை. டிஸ்ப்யூட்டில் 'கணக்கு என்னுடையது அல்ல' என்ற ஓனர்ஷிப் (கணக்கு யாருடையது) பிரிவைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்தக் கணக்கின் ஓனர்ஷிப் வரியைப் பார்க்கட்டும். 'கேரண்டர்' என்று இருந்தால், எப்போதோ யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்தாக இருக்கலாம்; அப்படியானால் அது பிழை அல்ல. 'இண்டிவிஜுவல்' என்றிருந்தால் பான், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் ஒப்பிட வேண்டும். நம் ஊரில் இனிஷியலை ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், இன்னொரு இடத்தில் அப்பா பெயராக விரித்து எழுதுவதால், ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் உள்ள இருவரின் கணக்குகள் கலந்துவிட வாய்ப்பு அதிகம். பான் அவருடையதே, ஆனால் மொபைலும் முகவரியும் வேறு என்றால் மோசடி. சைபர் குற்ற உதவி எண் 1930-இலும் போலீஸிலும் புகார் கொடுத்து, அந்த நகலையும் டிஸ்ப்யூட்டோடு இணைக்கட்டும்.

கொங்குரைடர்

ஸ்டேட்மென்ட் வந்துடுச்சு. ஜூன் 15-ல ஒரு பவுன்ஸ் சார்ஜ் 590 ஏறியிருக்கு, மீதி எல்லாம் அதன்மேல ஏறின அபராதம். பதிலே தரலைன்னா எத்தனை நாள் காத்திருக்கணும்?

ஃபைல்மேசை

முடிஞ்ச லோனுக்கு மறுநாள் மேண்டேட் (பேங்க் கணக்குல இருந்து தவணை பிடிக்கற ஆணை) போட்டிருக்காங்க. ஸ்டேட்மென்ட்ல அந்த வரியைக் கட்டம் போட்டுக் காட்டி, என்ஓசி தேதிக்குப் பக்கத்துல வெச்சு அனுப்புங்க, இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைக்காது.

கெடு 30 நாள். புகார் தெரிஞ்சதும் 21 நாளுக்குள்ள நிறுவனம் திருத்தத்தை அனுப்பணும், மிச்ச நாள்ல சிபில் ஏத்தணும். 30 தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆர்பிஐ 2023 அக்டோபர்ல போட்ட உத்தரவு இது, 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. யார் தாமதம் பண்ணாங்களோ அவங்கதான் கொடுக்கணும். அதனால முதல் மெயில்லயே உங்க பேங்க் அக்கவுண்ட் எண்ணையோ யுபிஐ ஐடியையோ எழுதிடுங்க.

30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, மறுத்துட்டாலோ, ஆர்பிஐ-யோட சிஎம்எஸ் தளத்துல (புகார் போடற இணையதளம்) ஒம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போடலாம், கட்டணம் இல்லை. சந்தேகம் இருந்தா ஆர்பிஐ உதவி எண் 14448-க்குக் கூப்பிடுங்க. 2022 செப்டம்பர்ல இருந்து சிபில் மாதிரி கம்பெனிகளும் இதுக்குள்ள வருது. வக்கீல் மூலமாப் போட்டா ஏத்துக்க மாட்டாங்க, நீங்களே போடணும். கோர்ட்டுலயோ நுகர்வோர் ஆணையத்துலயோ ஏற்கெனவே இதே விஷயத்துக்கு வழக்கு இருந்தாலும் எடுக்க மாட்டாங்க.

தணிக்கைத்துணை

வீட்டுக்கடன் விஷயம் ஒன்று. இதற்கிடையில் வேறு வங்கிகளில் முயன்று பார்க்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஒரு என்கொயரியாக (கடன் கேட்டதற்கான பதிவு) பதிந்து ஸ்கோரை இறக்கும். இப்போதைய வங்கியிடமே புகார் நகலைக் கொடுத்து, ஃபைலை நிராகரிக்காமல் நிறுத்தி வைக்கக் கேளுங்கள். கட்டணத்தை ரத்து செய்து திருத்தம் அனுப்பிவிட்டோம் என்று நிறுவனம் லெட்டர்ஹெட்டில் கொடுத்தால், சில வங்கிகள் அதை வைத்தே மேலே நகர்த்தும். புது ரிப்போர்ட்டை நீங்கள் எடுத்து டிபிடி கட்டம்வரை பார்த்த பிறகே வங்கியை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.