72 மணி நேரம் யாரும் மறுக்கவில்லை, அதனால் முடிவாகிவிட்டது

நடுநிசி:
எங்கள் திறந்தமூல மென்பொருள் திட்டத்தில் 72 மணி நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்பாச்சி என்ற பெரிய திறந்தமூல அமைப்பின் பக்கம் பழகியவர்கள் கொண்டுவந்த வழக்கம். பழைய கோப்பு வடிவத்தை இனி ஆதரிக்க வேண்டாம் என்று நான்தான் முன்மொழிந்தேன். மூன்று +1, அதாவது ஆதரவு வாக்கு, வந்தது, மறுப்பு இல்லை. நாலாம் நாள் நீக்கிவிட்டேன். அன்று இரவு, அந்தப் பகுதியை ஆறு வருடமாகப் பராமரித்தவர் ஒரே வரி எழுதினார்: "மருத்துவமனையில் இருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன்." கோபப்படவில்லை, மாற்றச் சொல்லவும் இல்லை. அந்த வரிக்குப் பதில் எழுதத் தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவர் எந்த விவாதத்துக்கும் வரவில்லை.

கூழாங்கல்:
இதில் விதியைக் குறை சொல்ல முடியாது. காத்திருக்கும் நேரம் வைக்காவிட்டால் எந்த வேலையும் நகராது. அப்பாச்சியில் நிரல் மாற்றத்தைத் தடுக்க வாக்குரிமை உள்ள ஒருவரின் ஒரே ஒரு -1, அதாவது மறுப்பு வாக்கு, போதும், தொழில்நுட்பக் காரணம் மட்டும் சொல்ல வேண்டும். செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறவும் முடியும். நீங்கள் பெற்றீர்களா?

நான் இருந்த கூட்டுறவுக் குழு இதற்கு நேர் எதிர். 14 பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒருவர் ஐந்து மாதம் தடுத்தார். கடைசியில் ஒருத்தி, "எதை மாற்றினால் உங்களுக்குச் சரிவரும்?" என்று கேட்டாள். அவர் அழுதுவிட்டார். அதுவரை யாருமே கேட்கவில்லையாம்.

மூன்றாம் வரிசை:
கூழாங்கல், உங்கள் கதையே உங்கள் வாதத்துக்கு எதிராக இருக்கிறது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் கூட்டம் ஒன்றில் இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. அங்கே கை தூக்குவதற்குப் பதில் "ம்ம்ம்" என்று ஒலி எழுப்பி ஆதரவைக் காட்டுவார்கள். முதல் வழிக்கு அரங்கமே "ம்ம்ம்" என்று முழங்கியது. இரண்டாவதற்குப் பின்வரிசையில் இருந்து ஒரே ஒரு குரல். தலைவர் அந்தக் குரலைத்தான் மைக்குக்கு அழைத்தார். இருபது நிமிடம் கழித்து முதல் வழியைக் கைவிட்டோம்.

அங்கே தலை எண்ணுவதில்லை. 2014-ல் வந்த ஆர்எஃப்சி 7282 என்ற ஐஇடிஎஃப் ஆவணத்தைப் படியுங்கள். ஆதரவு ஐந்து பேர், எதிர்ப்பு நூறு பேர் என்றாலும் ஓரளவு ஒருமித்த கருத்து இருக்கலாம் என்கிறது. எழுந்த மறுப்பு ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைத்ததா என்பதுதான் கணக்கு. ஆகவே நடுநிசி, அடுத்த முறை அந்தப் பகுதியைப் பராமரிப்பவரின் பெயரைக் குறிப்பிட்டு நேரடியாகக் கேளுங்கள். "சம்மதமா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். "இதை ஏற்கவே முடியாதவர் யாராவது உண்டா?" என்று கேளுங்கள். மறுத்தவர் சொன்னதை அவரே "ஆமாம், இதுதான்" என்று சொல்லும்படி நீங்கள் திருப்பி எழுதிக் காட்டுங்கள். நீக்கும் வேலை என்றால் 72 மணி நேரம் போதவே போதாது. சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் ஒரே கெடு வைப்பது எனக்குப் புரிந்ததே இல்லை. இன்னொன்று, வந்த மூன்று +1 யாருடையது? அந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறவர் ஒருவராவது அதில் இருந்தாரா?

நடுநிசி:
ஒருவரும் இல்லை. கூழாங்கல், திரும்பப் பெறவும் இல்லை. அவர் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டேன்.