‘க’வா, ‘த’வா?

ஒத்துக்காரன்: “நாதம் தருவதால் நாதஸ்வரம், பெயர்க்காரணம் அவ்வளவுதான்” என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். நாதம் தராத வாத்தியம் எது ஐயா? தவில் என்ன ஊமையா? முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனை ‘த்யாகராஜ மஹாத்வஜாரோஹ’, ஸ்ரீ ராகம். எடுத்துப் பாருங்கள். ‘நாகஸ்வர மத்தளாதி’ என்று இருக்கிறது. ‘க’. ‘த’ இல்லை.

நாதப்பித்தன்: அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். வானொலியும் கல்யாணப் பத்திரிகையும் நாதஸ்வரம் என்கின்றன. நாகம் இதில் எங்கிருந்து வந்தது? பாம்பாட்டி ஊதுவது மகுடி.

ஒத்துக்காரன்: பாம்பைப் பற்றி நான் பேசவே இல்லை. 1835இல் மறைந்த தீட்சிதர் எழுதியது ‘க’வா, ‘த’வா? கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயரையே தப்பாக அச்சடிக்கிறார்கள்.

தண்ணுமை: இரண்டும் வடமொழி. தமிழில் அதற்குப் பெருவங்கியம் என்று பெயர், அப்படிச் சொல்லிப் பழகுங்கள்.

ஒத்துக்காரன்: வந்துவிட்டாரா! மிருதங்கத்தில் ‘மிருத்’ என்றால் மண் என்று நான் சொன்னதற்கு மூன்று நாள் சண்டை பிடித்தவர்தானே?

தண்ணுமை: பலாக்கட்டையைக் குடைந்து செய்ததற்கு ‘மண் உடம்பு’ என்று பெயர் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தியவர்தானே?

ஒத்துக்காரன்: முன்பு மண்ணில் செய்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றும் இதையேதான் சொன்னேன். போகட்டும், ஸ்ரீ ராகக் கீர்த்தனைக்குப் பதில் வரவில்லை.

நாயனக்காரர் பேரன்: எங்கள் தாத்தா நாயனம் என்றுதான் சொல்வார். நரசிங்கம்பேட்டையில் வாங்கிய ஆச்சா மரத்து உலவு, அதாவது குழல்; அடியில் அனசு என்கிற விரிந்த வாய். விரலுக்கு ஏழு துளை. அவற்றுக்குக் கீழே இருக்கும் துளைகளில் மெழுகை அப்புவார், ஊதிப் பார்ப்பார், கொஞ்சம் சுரண்டுவார், மறுபடி ஊதுவார். சுருதி சேரும்வரை, வாயில் வைத்து ஊதும் சீவாளி வாயை விட்டு இறங்காது. கட்டைவிரல் நகத்தில் எப்போதும் மெழுகு இருக்கும். பெயரைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நாதப்பித்தன்: அனசு இல்லை தம்பி, அணசு. மூன்று சுழி.

நாயனக்காரர் பேரன்: வாசித்தவர் வீட்டில் பிறந்தவன் நான். சுழி எண்ணுகிறவர் நீங்கள்.

ஒத்துக்காரன்: பார்த்தீர்களா, அணசில் ஒரு சுழி குறைந்தால் இவருக்குப் பொறுக்கவில்லை. வாத்தியத்தின் பெயரிலேயே எழுத்து மாறினால் மட்டும் பரவாயில்லையாம்!

நாதப்பித்தன்: ஒரே ஒரு கீர்த்தனையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

ஒத்துக்காரன்: உங்களிடம் அந்த ஒன்றுகூட இல்லையே. ‘த’ போட்ட பழைய சாகித்தியம் ஒன்றைக் கொண்டுவாருங்கள், காத்திருக்கிறேன்.

தண்ணுமை: பெருவங்கியம்.

ஒத்துக்காரன்: உங்களை யாரும் கேட்கவில்லை.

நாதப்பித்தன்: ராஜரத்தினம் பிள்ளை தோடி ஊதியபோது எதிரில் இருந்தவர்கள் ‘க’வா ‘த’வா என்றா கேட்டார்கள்?

ஒத்துக்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். ஸ்ரீ ராகம். ‘நாகஸ்வர மத்தளாதி’. மூன்றாம் முறை கேட்கிறேன்.

நாதப்பித்தன்: நான்காம் முறையும் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.