7 வயது மகளுக்குச் சீக்கிரமே பருவமாற்றம்: ஊசி போட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. என் மகளுக்கு 7 வயது. மார்பு வளர ஆரம்பித்திருக்கிறது, உயரமும் சட்டென்று கூடிவிட்டது. மதுரையில் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் காட்டினோம். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும் பையனுக்கு 9 வயதுக்கு முன்பும் இப்படித் தொடங்கினால் பரிசோதிக்க வேண்டுமாம். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது 9 என்று, அதாவது எலும்பு 9 வயதுப் பிள்ளைக்குரிய அளவு முதிர்ந்திருப்பதாக வந்திருக்கிறது. இப்போது வகுப்பிலேயே அவள்தான் உயரம். ஆனால் எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிக்கொண்டால் வளர்ச்சி நின்று, கடைசியில் குள்ளமாகிவிடலாம் என்கிறார். பெண் குழந்தைகளில் பெரும்பாலும் காரணம் எதுவும் அகப்படாது, ஆனாலும் மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்துவிடலாம் என்றார். (பிராய்லர் கோழிதான் காரணம் என்று என் மாமியார் முடிவே கட்டிவிட்டார்.)

பருவமாற்றத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் லூப்ரோலைட் ஊசியை 3 மாதத்துக்கு ஒருமுறை போடலாம், ஊசியை நிறுத்தியதும் பருவமாற்றம் தானாகத் தொடரும் என்கிறார் டாக்டர். உங்கள் பிள்ளைக்குப் போட்டிருக்கிறீர்களா? வலி, பக்கவிளைவு எப்படி? செலவு எவ்வளவு ஆனது, எந்த வயதில் நிறுத்தினீர்கள்? பள்ளியில் டீச்சரிடம் சொன்னீர்களா?

அப்புறம், இவ்வளவு சின்னப் பிள்ளையிடம் மாதவிடாய் பற்றி எப்படிப் பேசினீர்கள்? ஊசியை விட எனக்கு இதுதான் பெரிய கவலை. இப்போதே மஞ்சள் நீராட்டுப் பேச்சை எடுக்கும் சொந்தக்காரர்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.